பறவை நாய்க்குட்டி முரண்டு பிடித்தால்: முதல் ஆண்டின் கோளாறுகளும் கைவைத்தியமும்

லாப்ரடாரோ பாயிண்டரோ ஸ்பானியலோ, பறவை நாய் என்று சொல்லப்படுவதெல்லாம் துப்பாக்கிக்காரனோடு நடப்பதற்காக மேல்நாட்டில் உருவாக்கிய இனங்கள். புதருக்குள் பதுங்கிய பறவையை மூக்கால் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும், அல்லது கிளப்பிவிட வேண்டும். விழுந்ததைக் கடிக்காமல் தூக்கிவந்து கையில் தர வேண்டும். "இங்கேதான் சுடவே கூடாதே, இந்தப் படிப்பெல்லாம் எதற்கு?" என்று ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினம் கடற்கரையில் என்னைக் கேட்காதவர் இல்லை.

சுடக் கூடாது என்பதால்தான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பொருளில், துரத்துவதும் கலைத்து ஓட்டுவதும் அடங்கும். பறவையின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதும் அடங்கும். இந்த மாவட்டத்துக்குள்ளேயே சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று நான்கு பறவைச் சரணாலயங்கள் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன. கண்மாய்க் கரையெங்கும் கவுதாரியும் மயிலும் திரிகின்றன. பறவை நாயின் மூக்கும் வாயும் பிறவியிலேயே வந்துவிட்டவை. பழக்காவிட்டால் அவை சும்மா இருக்காது. ஆள்காட்டிக் குருவியின் முட்டைக்கும் அடுத்த வீட்டுக் கோழிக்கும் போகும்.

என்னிடம் இருப்பது கறுப்பு லாப்ரடார் பெட்டை, பெயர் கறுப்பாயி. ஆவணியில் எட்டு வாரக் குட்டியாக வந்தாள். இந்த இனத்தின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்குக் கயிறு இழுத்து, தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடித்துக் கொடுத்தவை. பிறகுதான் இங்கிலாந்துப் பிரபுக்களிடம் வாத்து பொறுக்கப் போயின. ஆக, வலை காயும் தெருவுக்கு அவள் ஒன்றும் அந்நியமில்லை.

கீழே இருப்பது அறிகுறிப்படி எழுதியது. உங்கள் குட்டி செய்யும் சேட்டை எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஒரே பிழை மூன்று நாள் தொடர்ந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், இரண்டு வாரத்துக்கு முன்பு நன்றாகச் செய்துகொண்டிருந்த பாடத்துக்குத் திரும்பிவிடுங்கள். எனக்குத் தெரிந்து முக்கால்வாசிக் கோளாறு நாம் ஒரு படியைத் தாண்டியதால் வருவது.

கூப்பிட்டால் வருவதில்லை

மூன்றாம் மாதத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த அதே குட்டி ஆறாம் மாதத்தில் திரும்பிக்கூடப் பார்க்காது. பலர் இதைத் திமிர் என்கிறார்கள். நான் கணக்கு என்பேன். கூப்பிட்டபோதெல்லாம் என்ன நடந்தது என்று அது கணக்கு வைத்திருக்கிறது. வந்ததும் சங்கிலி மாட்டினீர்கள், விளையாட்டு முடிந்தது. வந்ததும் கருவாட்டைத் தின்றதற்கு ஓர் அடி வைத்தீர்கள். பிறகு எதற்கு வரும்?

பத்து மீட்டர் நீளத்தில் பருத்திக் கயிறு ஒன்றை வாங்குங்கள். பழைய வலைக்கயிறு சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். குட்டி பாய்ந்தால் நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டி மணலில் இழுபட விடுங்கள். பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். வரவில்லை என்றால் இரண்டாம் தடவை கத்தாமல், கயிற்றைப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் திருப்பி, நீங்கள் பின்னால் நடங்கள். வந்ததும் முள் நீக்கிய வேகவைத்த மீன் ஒரு துண்டு. நெத்திலிக் கருவாடு கொடுத்தால் உயிரையே கொடுக்கும், ஆனால் அந்த உப்பு குட்டிக்கு ஆகாது. கொடுத்த கையோடு மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை வருவதற்குப் பரிசு விடுதலையாக இருக்க வேண்டும். பத்தாவது தடவைதான் சங்கிலி.

"வா, வா, வா, வாடி, ஏய்!" என்று ஐந்து தடவை கூப்பிடுகிறவர், ஐந்தாவது தடவைக்கு முன் வரத் தேவையில்லை என்று கற்பிக்கிறார். கயிறும் கையில் இல்லாமல், கீரிப்பிள்ளையைத் துரத்திப் பாதி தூரம் போன குட்டியை ஒருபோதும் கூப்பிடாதீர்கள். உங்களால் நிறைவேற்ற முடியாத கட்டளையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது; வாயை மூடிக்கொண்டு நடந்து போய்ப் பிடியுங்கள்.

கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள். எதிர்க்காற்றில் மனிதக் குரல் அதிக தூரம் போவதில்லை. அது கீழ்ப்படியாமை அல்ல, கேட்கவில்லை. விசிலுக்கு மாறுங்கள். திரும்பி வருவதற்கு ஒரு மாதிரி, உட்காருவதற்கு ஒரு மாதிரி, இரண்டு போதும்.

எடுத்ததும் எதிர்த் திசையில் ஓடுகிறது

எறிந்து எடுத்துவரச் சொல்லும் பொருளை டம்மி என்பார்கள். கடையில் வாங்க வேண்டியதில்லை. வலை மிதப்பு ஒன்றின் மேல் பழைய வேட்டித்துணியைச் சுற்றித் தைத்துவிட்டால் தண்ணீரிலும் மிதக்கும். துணி சுற்றாத தெர்மாகோல் மட்டும் வேண்டாம். கடித்துத் துகளாக்கி விழுங்கிவிடும்.

கறுப்பாயி முதன்முதலாக டம்மியைக் கவ்விக்கொண்டு ஓடியபோது நான் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். அதற்கு ஒரு மாதம் தண்டனை அனுபவித்தேன். துரத்துவது நாய்க்கு உலகத்திலேயே உயர்ந்த விளையாட்டு. ஒரு தடவை துரத்தினால் போதும், "எடுத்தால் ஓடு" என்று மனத்தில் எழுதிக்கொள்ளும்.

மருந்து எங்கள் தெருவிலேயே இருந்தது. இரண்டு வீட்டுப் பனைமட்டை வேலிகளுக்கு நடுவே நாலடி அகலச் சந்து. ஒரு முனை அடைப்பு, மறுமுனையில் நான். அடைப்புப் பக்கம் டம்மியை எறிந்தால், எடுத்த குட்டிக்குத் திரும்பி வர ஒரே வழிதான். வரும்போது எதிரே போகாமல் முதுகைக் காட்டி விலகி நடந்தால் இன்னும் வேகமாக வரும். வந்ததும் டம்மியைப் பிடுங்காமல், வாயில் வைத்திருக்கும்போதே மார்பைத் தடவிக்கொடுங்கள். கொண்டுவந்த பொருளை உடனே இழந்துவிடுகிறோம் என்ற எண்ணம் அதற்கு வரக் கூடாது. பிறகு மீன் துண்டை மூக்கருகில் காட்டினால் வாய் தானாகத் திறக்கும். ஒரு வேளைக்கு மூன்று எறி, அதற்கு மேல் கூடாது. நான்காவதையும் கேட்டு அழும்போதே டம்மியை உள்ளே வைத்துவிட வேண்டும்.

வாயில் கொண்டதை நசுக்குகிறது

வயதைப் பாருங்கள். நான்காம் மாதம் தொடங்கி ஏழாம் மாதம் வரை பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். ஈறு தினவெடுக்கிற அந்தக் காலத்தில் எறி விளையாட்டை நிறுத்திவிட்டு, ஈரத்துணியை முறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஈறு வலியோடு டம்மி எடுத்துப் பழகிய குட்டி, எடுப்பதே வலி என்று நினைத்துக்கொள்ளும்.

பல் முளைத்த பிறகும் நசுக்கினால் வீட்டில் விசாரியுங்கள். எங்காவது ஒரு பையன் அதோடு துணி இழுக்கும் போட்டி நடத்திக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் அது என் தங்கை மகன். "மாமா, அவள்தான் முதலில் இழுத்தாள்" என்றான். போட்டி நின்றது, டம்மியின் மேல் கொஞ்சம் சொரசொரப்பான கயிற்றைச் சுற்றினேன், நசுக்கல் குறைந்தது. முரட்டு வாய்க்கு அடிப்பவர்கள் உண்டு. அடிக்குப் பயந்த நாய் பொருளை இன்னும் இறுக்கித்தான் கவ்வும்.

தை மாதத்து விடியல் ஒன்றில், வாத்துப்பட்டியைத் திறக்கப் போன எனக்கு முன்னால் கறுப்பாயி வந்து நின்றாள். வாய் மூடியிருந்தது, ஆனால் இரண்டு கன்னமும் உப்பலாக இருந்தன. வால் வழக்கம்போல் சுழலாமல் மெதுவாக அசைந்தது. கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. நான் கையை நீட்டவில்லை. குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை மடியில் விரித்து வைத்தேன். இரண்டு எட்டு வைத்தாள், தயங்கினாள், தலையைத் தாழ்த்தி வாத்து முட்டை ஒன்றை உள்ளங்கையில் இறக்கினாள். சூடாக, வழவழவென்று இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓட்டில் விரிசல் இல்லை, நகக்கீறல் போல ஒரு பல்தடம் மட்டும். முட்டை திருடியதற்குத் திட்டியிருந்தால் மறுநாள் பட்டிக்குப் பின்னால் வைத்தே தின்றிருப்பாள். மீன் துண்டு கொடுத்தேன், பட்டிக் கதவுக்குக் கொண்டி போட்டேன், முட்டையை நான் பொரித்துத் தின்றேன்.

மூக்கு வேலை செய்யவில்லை போலிருக்கிறது

வைகாசியில் ஒரு நாள். வளர்ப்புப் புறாக்கள் உதிர்த்த இறகுகளை ஒரு துணியில் கட்டி அடம்பன் கொடிக்குள் ஒளித்துவிட்டு, கறுப்பாயியைத் தேடவிட்டேன். இரண்டு முழம் தள்ளி, ஒன்றும் தெரியாதவள் போல நடந்து போனாள். மூன்று தடவை. நான் சலித்துக்கொண்டதைப் பார்த்து, வள்ளத்தின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அண்ணே, கச்சான் உங்கள் முதுகில் அடிக்கிறது. வாசனை எல்லாம் கடலுக்குப் போகிறது. நாய் மேல் என்ன குற்றம்?"

வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகிய கடற்கரையில் நான் காற்றைப் பார்க்கவே இல்லை. சுற்றிப் போய் கடல் பக்கமிருந்து, காற்று முகத்தில் படும்படி வரவிட்டேன். பதினைந்து அடி தள்ளியே அவள் தலை வெடுக்கென்று திரும்பியது.

எந்த மூக்குப் பாடமும் காற்றுக்கு எதிரே, அல்லது காற்றுக்குக் குறுக்கே. பிடி மணலைத் தூவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நேரமும் முக்கியம்: பனி ஈரம் இருக்கும் விடியலில் வாசனை தரையோடு படிந்திருக்கும், பத்து மணிக்கு மேல் சுடுமணலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கும் நாய் மூக்கால் முகர்வது குறைந்துவிடும்.

பறவையைக் கண்டதும் பாய்கிறது

காட்டுப் பறவையை வைத்து இதைத் திருத்த நினைக்காதீர்கள். பூநாரைக் கூட்டத்தை நோக்கி ஓடவிட்டு "நில்" என்று கத்துவது பயிற்சி ஆகாது, குற்றம். பழகிய வளர்ப்புப் புறா ஒன்று போதும். காற்றோட்டமான கூடைக்குள் வைத்து, நிழலில், பனையோலையால் மூடிவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் புறாவை அப்படி வைக்கக் கூடாது.

நீளக் கயிற்றோடு, காற்றுக்குக் குறுக்கே குட்டியை நடத்துங்கள். வாசனை பட்டதும் உடல் விறைக்கும். பாயிண்டர் குட்டியானால் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாகக்கூட நிற்கும். அந்தக் கணத்தில் பேசாதீர்கள், கூப்பிடாதீர்கள். கயிற்றைத் தளராமல் பிடித்து, பக்கத்தில் போய், முதுகைத் தலையிலிருந்து வால் வரை மெதுவாகத் தடவுங்கள். இன்னொருவர் கூடையைத் திறந்தால் புறா பறந்து வீட்டுக்கூண்டுக்குப் போய்விடும். பறவை பறக்கும், நமக்குக் கிடைக்காது, நின்றால் தடவிக்கொடுப்பார்கள் என்று குட்டி கற்றுக்கொள்ளப் பல வாரம் ஆகும். லாப்ரடார் நின்று காட்டும் இனமில்லை, கிளப்பிவிடும் இனம். அதற்கு விறைக்கும் கணத்தில் உட்கார் விசில் கொடுத்துப் பழக்குங்கள்.

தூண்டில் கழியின் நுனியில் இறகைக் கட்டி ஆட்டினால் மூன்று மாதக் குட்டிகூட நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். இரண்டு நாளோடு நிறுத்திவிடுங்கள். அதிகம் ஆடினால் மூக்கை விட்டுக் கண்ணால் தேடும் பழக்கம் வந்துவிடும். கன்னி, சிப்பிப்பாறைக் குட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பாடத்தில் என்னோடு கோபித்துக்கொள்ளக் கூடாது. அவை கண்ணால் பார்த்து ஓடப் பிறந்தவை. கூடைக்கு முன்னால் அவை விறைத்து நிற்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை.

வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளிகிறது

மேல்நாட்டில் துப்பாக்கிக்குப் பயந்த நாயைத் தேற்றும் முறையே நமக்குத் தீபாவளிக்கும் திருவிழா வெடிக்கும் உதவும். சாப்பிடும் நேரத்தில், தூரத்தில், சின்னச் சத்தம். முதலில் அடுத்த அறையில் தட்டு ஒன்று விழட்டும். குட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கிவிட்டு மறுபடி சாப்பிட்டால் சரியான தூரம். சாப்பாட்டை விட்டு நகர்ந்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். வாரம் ஒன்றாக நெருங்குங்கள். வள்ளத்தின் டீசல் என்ஜின் கிளம்புவதைத் தூரத்திலிருந்து கேட்கவிடுவதும் நல்ல பாடம். தடுப்பூசி முடியாத குட்டியை மணலில் இறக்காமல் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே பயந்துவிட்ட குட்டியைப் பழகட்டும் என்று வெடிக்கு நடுவே கட்டிப்போடுபவரைக் கண்டால் எனக்கு அவரைக் கட்டிப்போடத் தோன்றும்.

தண்ணீரில் இறங்க மறுக்கிறது

ராமேசுவரம் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். முதல் பாடம் பெண்கடலில், அலையில்லாத காலையில், உங்கள் முழங்கால் ஆழத்தில். நீங்கள் முதலில் இறங்குங்கள், தூக்கிப் போடாதீர்கள். வாடை வந்துவிட்டால் பெண்கடலும் முறைக்கும். அந்த மாதங்களில் மழை நிரம்பிய குட்டையில் பழக்கலாம், சரணாலயக் கண்மாயில் மட்டும் வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் நாயோடு போகவே போகாதீர்கள். அது கடல்சார் தேசியப் பூங்கா.

நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் கூடவே இருக்கட்டும். தாகத்துக்குக் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் நிச்சயம். வீடு திரும்பியதும் உப்பைக் கழுவி, காதுமடலைத் தூக்கித் துடையுங்கள்.

நொண்டுகிறது, பாதத்தை நக்குகிறது

சீமைக்கருவேல முள். விரலிடுக்கைப் பிரித்து, கடுகளவு கறுப்புப் புள்ளியைத் தேடுங்கள். முள் இல்லை என்றால் மணல் சுட்டிருக்கும். புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நாயும் அங்கே நடக்கக் கூடாது. இரண்டும் இல்லாமல் நொண்டினால், ஓட்டத்தையும் தாண்டுதலையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓராண்டுக்குள் பெரிய இனங்களின் எலும்பு முழுதாக முற்றியிருக்காது.

நேற்றுவரை துள்ளியது, இன்று எதிலும் நாட்டமில்லை

இதைச் சோம்பல் என்று நினைத்து நான் இரண்டு நாளை வீணாக்கினேன். காதுக்குப் பின்னால் ஏழெட்டு உண்ணிகள், ஈறு வெளுத்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. உண்ணிக் காய்ச்சல். ஆர்வம் திடீரென்று அறுந்தால் முதலில் ஈற்றைப் பாருங்கள், வெப்பமானியை வையுங்கள். 39.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாடம் இல்லை, மருத்துவமனைதான்.

கரைவலை இழுத்த இடத்தில் மேய்ந்த குட்டி தள்ளாடினால், எச்சில் ஒழுகினால், பின்னங்கால் துவண்டால், பேத்தை மீனைத் தின்றிருக்கலாம். வலையிலிருந்து மணலில் வீசிவிட்டுப் போகும் மீன் அது. சமைத்தாலும் போகாத நஞ்சு, மாற்று மருந்து கிடையாது, மூச்சு நிற்பதற்குள் மருத்துவர் கைக்குப் போக வேண்டும். வெயிலில் மூச்சிரைத்துச் சரிந்தால் நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஈரச்சாக்கைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

எட்டாம் மாதம், எல்லாம் மறந்துவிட்டது

மறக்கவில்லை. வயசு. கயிறு மறுபடி வெளியே வரட்டும், சந்துக்குத் திரும்புங்கள், பாடத்தைப் பாதியாகக் குறையுங்கள். எங்களுக்கு இது சரியாக மாசி, பங்குனியில் வந்தது. பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமை கரையேறி முட்டையிடும் காலம்; ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும், தெருநாய்கள் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருக்கின்றன, நம் நாயும் சேர வேண்டியதில்லை. அதே வெயிலில் ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடும். தையில் தொடங்கி ஆடி வரை கறுப்பாயி கடற்கரையில் கயிறில்லாமல் நடந்ததில்லை.

பெட்டையானால் இந்த வயதிலேயே முதல் பருவமும் வரும், ஆறாம் மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும். ஏறக்குறைய மூன்று வாரம். விசிலும் வேண்டாம், புறாவும் வேண்டாம், தெருவில் காத்திருக்கும் ஏழு கடுவன்களோடு போட்டி போட உங்கள் மீன் துண்டால் முடியாது. கயிற்றைத் துவைத்துக் காயப்போடுங்கள், டம்மியின் கிழிந்த தையலைப் போட்டு வையுங்கள்.